இதயத்தின் இரண்டு ஒலிகள்: லென்னெக் நூல் பற்றி ஒரு மதிப்பீடு

பழைய அறிவியல் நூல் ஒன்றை இன்று மதிப்பிடப் புகுந்தால், அதில் எத்தனை செய்திகள் சரி, எத்தனை தவறு என்று கணக்கெடுப்பது எளிது. ஆனால் அந்தக் கணக்கால் மாணவர்களுக்குப் பெரிய பயன் விளையாது. ஆசிரியர் எந்த இடத்தில் வழுவினார், கூர்ந்த அறிவுடைய அவரை வழுவச் செய்தது எது, அந்தப் பிழையைப் பின்னால் வந்தவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று பார்த்தால்தான் பயன் உண்டு. அவ்வாறு பார்ப்பதற்கு மிகவும் ஏற்ற நூல், பிரெஞ்சு மருத்துவர் ரெனே லென்னெக் 1819இல் பாரிஸ் நகரில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட நூல். 'இடைக்கருவி வழிச் செவியாய்வு' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். ஸ்டெதாஸ்கோப் என்னும் கருவியை உலகுக்கு அறிமுகப்படுத்திய நூல் இதுவே.

நூல் வெளிவந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. மருத்துவ வரலாறு எழுதுவோர் இதைப் புகழாமல் விடுவதில்லை. அந்தப் புகழ் தகுதியானதே. எனினும் நூலின் இரு பெரும் பகுதிகளான நுரையீரலும் இதயமும் ஒரே தரத்தன அல்ல. நுரையீரல் பகுதி பெரும்பாலும் இன்றும் நிற்கிறது. இதயப் பகுதியின் அடிப்படை விளக்கமோ ஆசிரியர் மறைந்து பத்தாண்டுகளுக்குள் இடிந்து விழுந்தது. ஒரே மனிதர், ஒரே கருவி, ஒரே காது. அப்படியிருக்க ஒரு பாதி நின்றதும் மறு பாதி விழுந்ததும் ஏன்? இந்தக் கட்டுரை ஆராய்வது இதைத்தான்.

நூலுக்கு முன்னும் பின்னும்

மார்பைச் சோதிக்க நான்கு வழிகள் உண்டு என்று மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள்: கண்ணால் பார்த்தல், கையால் தொட்டறிதல், விரலால் தட்டிப் பார்த்தல், காதால் கேட்டல். தட்டிப் பார்க்கும் முறையை 1761இல் வியன்னாவில் அவுன்புருக்கர் என்பவர் வெளியிட்டார். நிரம்பிய பீப்பாயையும் காலிப் பீப்பாயையும் தட்டினால் ஓசை வேறுபடும் அல்லவா? அந்த வேறுபாடே இம்முறைக்கு அடிப்படை. லென்னெக்கின் ஆசிரியரான கோர்விசார் 1808இல் அந்நூலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துப் பரப்பினார்.

இதயம் ஒலி எழுப்புகிறது என்பது அதற்கும் முன்பே தெரியும். இரத்த ஓட்டத்தைப் பற்றி 1628இல் எழுதிய வில்லியம் ஹார்வி, துடிப்பின்போது மார்பில் ஒலி கேட்கும் என்று குறிப்பிட்டார். வெனிஸ் நகரத்து மருத்துவர் பாரிசானோ இதை எள்ளி நகையாடினார். இலண்டனில் கேட்கும் ஒலி எங்கள் ஊரில் யாருக்கும் கேட்கவில்லையே என்பது அவர் கேலி. கேட்க வேண்டும் என்று முனைந்து கேளாதவனுக்கு எதுவும் கேட்காது என்பதற்கு இது நல்ல சான்று.

1816இல் பாரிஸின் நெக்கெர் மருத்துவமனையில் இதய நோயின் அறிகுறிகளுடன் ஓர் இளம்பெண் லென்னெக்கிடம் வந்தாள். உடல் பருத்திருந்ததால் தட்டிப் பார்த்துப் பயனில்லை. மார்பில் நேரே காதை வைப்பது முறையாகாது. மரக்கட்டையின் ஒரு முனையில் ஊசியால் கீறினால் மறு முனையில் காது வைத்தவனுக்கு அது தெளிவாகக் கேட்கும் என்பது அப்போது அவர் நினைவுக்கு வந்தது. காகிதக் கற்றையை இறுகச் சுருட்டி ஒரு முனையை மார்பிலும் மறு முனையைக் காதிலும் வைத்தார். நேரே காது வைத்துக் கேட்பதைவிடத் தெளிவாக இதயத் துடிப்பு கேட்டது. பின்னர் ஏறத்தாழ ஓர் அடி நீளமுள்ள, நடுவில் துளையிட்ட மர உருளையைத் தாமே கடைந்துகொண்டார்.

இக்கருவி ஒலியை உண்டாக்குவதில்லை, பெருக்குவதும் இல்லை. திறந்த வெளியில் ஒலி ஆற்றல் எல்லாத் திசைகளிலும் பரவிச் செறிவு குறைந்துவிடும். குழாய்க்குள்ளோ அவ்வாறு பரவ வழியில்லை. அறையின் பிற ஓசைகளும் ஓரளவு தடுக்கப்படுகின்றன. இதயத் துடிப்பைக் கேட்கத் துளையில் அடைப்பானைச் செருகியும், மூச்சொலியைக் கேட்க அதை எடுத்துவிட்டும் பயன்படுத்துமாறு லென்னெக் எழுதினார். எந்த ஒலிக்கு எந்த அமைப்பு ஏற்றது என்று மாற்றி மாற்றிச் சோதித்து முடிவு செய்திருக்கிறார். கருவி செய்வோர் பலருக்கு இந்தப் பொறுமை வருவதில்லை.

1821இல் இந்நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜான் ஃபோர்ப்ஸ், கருவியின் மதிப்பை ஒப்புக்கொண்டாலும் இது பொது வழக்கில் வருமா என்று தம் முன்னுரையில் ஐயுற்றார். அந்த ஐயம் பொய்த்தது. காலப்போக்கில் மருத்துவரின் அடையாளமாகவே அக்கருவி மாறிவிட்டது.

நுரையீரல் பகுதி நின்றது ஏன்?

லென்னெக்கின் வேலை முறை இது. நோயாளியின் மார்பில் கேட்டதை நாள்தோறும் குறித்து வைப்பார். நோயாளி இறந்துவிட்டால் உடலை அறுத்துப் பார்ப்பார். எந்த இடத்தில் எந்த ஒலி கேட்டது, அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று இரண்டையும் பொருத்திப் பார்ப்பார். காசநோயால் நுரையீரலில் குழிவு ஏற்பட்டிருந்தால், நோயாளி பேசும் குரல் அந்த இடத்தின் மார்பிலிருந்தே நேராக வருவது போலக் கேட்கும். இறந்தபின் அறுத்தால் அதே இடத்தில் குழிவு இருக்கும். இவ்வாறு ஒவ்வோர் ஒலிக்கும் கண்ணால் காணக்கூடிய ஒரு சான்று கிடைத்தது.

இதில் முக்கியமான ஒன்றைக் கவனிக்க வேண்டும். குழிவும், நீர்க்கோவையும், கெட்டிப்பட்ட நுரையீரலும் நோயாளி இறந்த பின்னும் அப்படியே இருக்கும். நேற்றுக் கேட்ட ஒலிக்கான காரணத்தை இன்று மேசையில் வைத்துப் பார்க்கலாம். அதாவது, அவருடைய சோதனை முறை இடத்தைப் பற்றிய கேள்விகளுக்கு விடை தரவல்லது. எந்த விலாவுக்குக் கீழே, எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு பெரியது என்ற கேள்விகளுக்கு அது பிழையில்லாமல் விடை தந்தது.

இதயப் பகுதி விழுந்தது ஏன்?

இதயத்திலோ கேள்வி இடத்தைப் பற்றியது அன்று, காலத்தைப் பற்றியது. ஒலி எந்தக் கணத்தில் எழுகிறது, அக்கணத்தில் எந்த அறை சுருங்குகிறது, எந்த வால்வு திறக்கிறது, எது மூடுகிறது என்று தெரிய வேண்டும். இறந்தவரின் இதயம் இவற்றில் ஒன்றையும் சொல்லாது. நின்றுபோன கடிகாரத்தைப் பிரித்துப் பார்த்தால் பற்சக்கரங்களை எண்ணலாம். எந்தப் பல் எப்போது எதைத் தள்ளியது என்பதை அவை தாமாகச் சொல்லுமா?

லென்னெக் கேட்டதில் குறை இல்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு ஒலிகள். முதலாவது மந்தமாகவும் சற்று நீண்டும் இருக்கும். அது நாடித் துடிப்புடன் சேர்ந்து வரும். இரண்டாவது கூர்மையாகவும் குறுகியும் இருக்கும். பிறகு ஓர் இடைவெளி. இந்த வருணனையை இன்றைய மருத்துவ நூலில் அப்படியே அச்சிடலாம். இரண்டாம் ஒலிக்கு உவமை தேடியபோது, வால்வு ஒன்று அடைத்துக்கொள்ளும் ஓசையையும் சவுக்கின் ஓசையையும் நாய் நக்கிக் குடிக்கும் ஓசையையும் அவர் சொன்னார். உண்மையான விடை அவர் பேனா முனையிலேயே இருந்தது! ஆனால் அதை உவமையாக மட்டும் எழுதிவிட்டு அவர் மேலே சென்றுவிட்டார்.

அவர் தந்த விளக்கம் வேறு. முதல் ஒலி கீழறைகளான வென்ட்ரிக்கிள்கள் சுருங்குவதால் எழுகிறது என்றார். இரண்டாம் ஒலி மேலறைகளான ஆரிக்கிள்கள் சுருங்குவதால் எழுகிறது என்றார். ஒரு துடிப்பின் காலத்தில் ஏறத்தாழப் பாதி கீழறைகளுக்கு, கால் பங்கு மேலறைகளுக்கு, எஞ்சிய கால் பங்கு ஓய்வுக்கு என்று காலக் கணக்கும் வகுத்தார்.

இப்பிழையின் வேர் எங்கே இருக்கிறது? அறைகள் இரண்டு சோடி, ஒலிகளும் இரண்டு. ஆகவே சோடிக்கு ஓர் ஒலி என்று பிரித்துக் கொடுத்தால் கணக்கு அழகாக முடிந்துவிடுகிறது. தசை சுருங்கும்போது ஒலி எழும் என்பதும் அக்காலத்தில் தெரிந்த செய்தி. ஆங்கில அறிவியலார் உல்லாஸ்டன் 1810இல் அதைப் பற்றி எழுதியிருந்தார். வாசகர்களே இதைச் சோதித்துப் பார்க்கலாம். இரவின் அமைதியில் கட்டைவிரல்களால் இரு காதுகளையும் அடைத்துக்கொண்டு மற்ற விரல்களை இறுக மடக்குங்கள். தொலைவில் வண்டி உருளுவது போன்ற தாழ்ந்த முழக்கம் கேட்கும். அதுவே தசையின் ஒலி. ஆகவே சுருக்கம்தான் ஒலிக்குக் காரணம் என்று எண்ணியது முட்டாள்தனம் அன்று. ஆனால் அது ஒரு கருதுகோள். லென்னெக் அதைக் கண்டறிந்த உண்மையின் வரிசையில் வைத்துவிட்டார்.

இதைவிடப் பெரிய குறை மற்றொன்று. உயிருள்ள விலங்குகளின் இதயத்தைத் திறந்து பார்த்த ஹார்வி முதலியோர், மேலறைகள் முதலில் சுருங்கும், கீழறைகள் அடுத்துச் சுருங்கும் என்று தெளிவாக எழுதியிருந்தனர். லென்னெக்கின் விளக்கப்படியோ வரிசை தலைகீழாகிறது. தம் விளக்கம் பழைய நேரடிக் காட்சியுடன் மோதுகிறது என்பதைக் கண்டதும் அவர் நின்றிருக்க வேண்டும். தம் காதை நம்பியதில் தவறில்லை. காது சொல்லாத ஒன்றைக் காது சொன்னதாக நம்பியதே தவறு. காது சொன்னது இரண்டு ஒலிகள் என்பதை மட்டுமே. எந்த அறை என்பதைச் சொன்னது அவருடைய ஊகம்.

இப்பிழையால் நடைமுறையில் தீங்கு உண்டா என்று கேட்கலாம். உண்டு. இரண்டாம் ஒலியை ஒட்டி வரும் முணுமுணுப்பு ஒன்றைக் கேட்கும் மருத்துவர், லென்னெக்கின் திறவுகோலை நம்பினால், குறை மேலறைப் பக்கத்தில் என்று கருதுவார். அதே முணுமுணுப்பு, மூடாமல் ஒழுகும் பெருந்தமனி வால்விலிருந்து வந்திருக்கலாம். கேட்டது சரியாக இருந்தும் நோயை அறிவது தவறாகிவிடும்.

பிழை வெளிப்பட்ட விதம்

லென்னெக் 1826இல் நூலின் இரண்டாம் பதிப்பைத் திருத்தி வெளியிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், தாம் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த காசநோயாலேயே 45ஆம் வயதில் இறந்தார். இரண்டாம் பதிப்பிலும் இதய ஒலிகளின் விளக்கம் மாறவில்லை. முணுமுணுப்புகளுக்குத் தசைப்பிடிப்பே காரணம் என்ற புதிய தவறும் அதில் இடம்பெற்றது.

1820களின் இறுதியில் எடின்பரோவின் டர்னர், மேலறைகள் முன்னே சுருங்குகின்றன என்ற பழைய உண்மையை எடுத்துக்காட்டி மறுப்பு எழுதினார். 1832இல் பாரிஸில் ரூவானே என்ற இளைஞர் தம் ஆய்வேட்டில், இதய ஒலிகள் வால்வுகளோடு தொடர்புடையவை என்று வாதிட்டார். 1830களின் நடுவில் இங்கிலாந்தில் ஹோப், வில்லியம்ஸ் ஆகியோர் கழுதைகளிடம் தீர்மானமான சோதனை ஒன்றைச் செய்தனர். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி, நுரையீரல் தமனி ஆகிய இரண்டின் வாயிலிலும் உள்ள அரைச்சந்திர வால்வுகளைச் சிறு கொக்கியால் பிடித்து, மூடவிடாமல் நிறுத்தினர். இரண்டாம் ஒலி மறைந்தது. கொக்கியை விட்டதும் மீண்டும் வந்தது.

இச்சோதனையின் சிறப்பை இயற்பியல் மாணவர்கள் எளிதில் உணர்வார்கள். இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே நேரத்தில் நடப்பதால் மட்டும் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. ஒன்றை நிறுத்தினால் மற்றது நிற்க வேண்டும். விட்டால் மீண்டும் வர வேண்டும். லென்னெக்கின் பிணக்கூடம் கேட்க முடியாத கேள்வியை இந்தச் சிறு கொக்கி கேட்டுவிட்டது.

இக்கதையில் ஒரு வேடிக்கையும் உண்டு. மேலறைச் சுருக்கத்தோடு சேர்ந்த ஒலி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அதற்கு நான்காம் இதய ஒலி என்று பெயர். ஆனால் அது முதல் ஒலிக்குச் சற்று முன்னே வரும். நலமான இதயத்தில் பெரும்பாலும் காதுக்கு எட்டாது. கீழறைச் சுவர் விறைத்துப்போன நோயாளிகளிடம் அதைக் கேட்கலாம். லென்னெக் தேடிய ஒலி இருந்தது. அவர் தேடிய இடத்தில்தான் இல்லை.

நம் பாடநூல்களும் தப்பவில்லை

லென்னெக்கைக் குறை சொல்லிவிட்டு நாம் பெருமைப்பட முடியாது. 'லப்' என்பது ஈரிதழ், மூவிதழ் வால்வுகள் மூடுவதால் வரும் ஓசை. 'டப்' என்பது அரைச்சந்திர வால்வுகள் மூடுவதால் வரும் ஓசை என்று பள்ளியில் சொல்லித் தருகிறோம். காலத்தைப் பொறுத்தவரை இது சரி. ஆனால் மாணவர்கள் இதைக் கேட்டதும், காற்றில் கதவு அறைந்து சாத்துவது போல இரண்டு இதழ்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போடுவதாகவே எண்ணிக்கொள்கிறார்கள். இது லென்னெக்கின் பிழைக்கு நெருங்கிய உறவு. சேர்ந்து வருவதைக் காரணமாக்கிவிடுகிறோம்.

வால்வின் இதழ்கள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள மெல்லிய சவ்வுகள். அவை இரத்தத்தில் மூழ்கியிருக்கின்றன. நீருக்குள் இரண்டு ஈரத் துணிகளைச் சேர்த்தால் என்ன சத்தம் வரும்? அவ்வளவுதான் இவற்றின் மோதலுக்கும். பிறகு ஒலி எங்கிருந்து வருகிறது?

மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் வீடுகளில் மோட்டாரை நிறுத்தியவுடன் குழாயில் 'டொம்' என்று ஓர் அதிர்வு கேட்கும். மேலேறிக்கொண்டிருந்த நீர் கீழ்நோக்கித் திரும்பப் பார்க்கிறது. திரும்புநீரைத் தடுக்கும் வால்வு மூடிக்கொள்கிறது. நகரத் தொடங்கிய நீர்த்தம்பம் சட்டென நிற்கிறது. அதன் உந்தம் மிகக் குறுகிய நேரத்தில் இழக்கப்படுவதால் பெரிய விசை தோன்றிக் குழாய் முழுவதும் அதிர்கிறது. இதயத்தில் நடப்பதும் இதை ஒத்ததே. கீழறை சுருங்கி முடிந்ததும் பெருந்தமனியிலுள்ள இரத்தம் சிறிது பின்னோக்கி நகர்கிறது. இதழ்கள் சேர்ந்து பாய்மரம் போல் விறைக்கின்றன. இரத்தத்தின் பின்னோட்டம் தடைப்படுகிறது. அப்போது இதழ்களும் இரத்தமும் தமனிச் சுவரும் ஒன்றாக அதிர்கின்றன. இந்த மொத்த அதிர்வே நாம் கேட்கும் இரண்டாம் ஒலி. முதல் ஒலியும் இவ்வாறே கீழறைப் பக்கத்தில் எழுகிறது.

இதற்கு மருத்துவமனையிலேயே சான்று இருக்கிறது. இரத்த அழுத்தம் மிகுந்தவர்களிடம் இரண்டாம் ஒலி உரத்துக் கேட்கும். இதழ்கள் மாறவில்லை; அவற்றை விறைக்கச் செய்யும் அழுத்தமே கூடியிருக்கிறது. உலோக வால்வு பொருத்தப்பட்டவர்களின் மார்பிலோ கடிகாரம் போல் 'டிக், டிக்' என்று கேட்கும். அங்கேதான் கதவு உண்மையாகவே அறைகிறது. விலங்கின் திசுவால் செய்த வால்வுகளில் அந்த ஓசை இல்லை. எனவே பாடநூலில் ஒரு சொல்லை மாற்றினால் போதும். 'வால்வுகள் மூடுவதால்' என்பதற்குப் பதில் 'வால்வுகள் மூடும்போது' என்று எழுதலாம். காரணத்தைப் பிறகு நீர்த்தம்ப உதாரணத்தால் விளக்கலாம்.

உரத்த ஒலி பெரிய நோயா?

இதய ஒலிகளைப் பொருள்கொள்வதில் இன்னொரு பொறி உண்டு. சத்தம் பெரிது, ஆகவே நோயும் பெரிது என்று எண்ணுவது இயல்பு. வால்வு சுருங்கிப்போனால் குறுகிய வழியில் இரத்தம் வேகமாகப் பாயும். ஓட்டம் சுழித்துக் கலங்கும். அதனால் முணுமுணுப்பு எழும். நலமான பெருந்தமனி வால்வின் திறப்பு 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர். அது 1 சதுர சென்டிமீட்டருக்குக் குறையும்போது, பாயும் வேகம் வழக்கமாக விநாடிக்கு 4 மீட்டரை எட்டுகிறது. பெர்னூலி விதியிலிருந்து பெறும் எளிய சூத்திரப்படி, மீட்டரில் சொன்ன வேகத்தின் இருமடியை 4ஆல் பெருக்கினால் அழுத்த வேறுபாடு மில்லிமீட்டர் பாதரச அளவில் கிடைக்கும். இங்கே விடை 64. நலமான இதயத்தில் இந்த வேறுபாடு மிகச் சிறியது.

இந்த நிலை நீடித்து இதயத் தசை தளர்ந்துபோனால் என்ன ஆகும்? தள்ளும் இரத்தம் குறையும், வேகம் குறையும், முணுமுணுப்பும் அடங்கும். சத்தம் குறைந்தது நோய் தணிந்ததால் அன்று, இதயம் தோற்றுக்கொண்டிருப்பதால். இதற்கு மறுபுறம், கீழறைகளுக்கு இடையே பிறவியிலேயே சிறு துளை உள்ள குழந்தையின் மார்பில் பெருஞ்சத்தம் கேட்கலாம். சிறு துளை தானே மூடிக்கொள்வதும் உண்டு. அதுவே மிகப் பெரிய துளையானால் இருபுற அழுத்தமும் சமமாகிச் சத்தம் தணிந்துவிடும், ஆபத்தோ மிகுதி. ஆகவே ஒலியின் உரப்பை மட்டும் கொண்டு தீர்ப்பு எழுதக்கூடாது.

காது எதில் வல்லது, எதில் வலுவற்றது?

இதய ஒலிகளின் அதிர்வெண் பெரும்பாலும் 20 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை. நம் காது மிகக் கூர்மையாக இருப்பது ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் பகுதியில். 50 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று கேட்கத் தொடங்க வேண்டுமானால், 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு வேண்டியதைவிட ஏறத்தாழ 40 டெசிபல், அதாவது பதினாயிரம் மடங்கு, அதிகச் செறிவு வேண்டும். இயற்கை நம் காதை இதயம் கேட்பதற்காக அமைக்கவில்லை. ஸ்டெதாஸ்கோப்பில் இரண்டு முகங்கள் இருப்பதும் இதனால்தான். சவ்வு பொருத்திய தட்டை முகம் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து உயர்ந்தவற்றைத் தெளிவாக்கும். மணி போன்ற முகம், மெல்ல வைத்தால், தாழ்ந்த ஒலிகளைத் தரும். ஈரிதழ் வால்வு சுருங்கியவரின் தாழ்ந்த உறுமலை மணி முகத்தால், நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லித்தான் தேட வேண்டும்.

காதின் வலிமை காலத்தைப் பிரித்தறிவதில் இருக்கிறது. மூச்சை உள்ளிழுக்கும்போது வலப்புற இதயத்துக்கு இரத்தம் மிகுதியாக வருவதால் நுரையீரல் தமனி வால்வு சற்றுத் தாமதமாக மூடுகிறது. அப்போது இரண்டாம் ஒலி இரண்டாகப் பிளந்து கேட்கும். இடைவெளி நூற்றில் நான்கைந்து பங்கு விநாடிதான். பழகிய காது அதையும் பிரித்துவிடும். 1950களில் இலண்டனின் ஆப்ரே லீதம் இந்தப் பிளவை ஆராய்ந்து, பல பிறவி நோய்களை அறிய அதுவே திறவுகோல் என்று காட்டினார். மேலறைச் சுவரில் துளை உள்ளவர்களிடம் மூச்சை இழுத்தாலும் விட்டாலும் பிளவு மாறாமல் நிற்கும்.

முதல் ஒலி எது, இரண்டாம் ஒலி எது என்று அறியவும் காலமே துணை. நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 விநாடி. அதில் சுருக்கம் சுமார் 0.3, விரிவு சுமார் 0.5. ஆகவே நீண்ட இடைவெளிக்குப் பின் வருவது முதல் ஒலி. துடிப்பு 120 ஆகிவிட்டால் இடைவெளிகள் ஏறத்தாழச் சமமாகிக் காது குழம்பும். அப்போது கழுத்து நாடியை விரலால் தொட்டுக்கொண்டு கேட்க வேண்டும். நாடியோடு வருவது முதல் ஒலி. மணிக்கட்டு நாடி சற்றுத் தாமதித்து வருவதால் அது அவ்வளவு உதவாது.

மாணவர்கள் தடித்த காகிதத்தைச் சுருட்டி, நண்பன் மார்பில் இடப்பக்கம் வைத்து இதைச் செய்து பார்க்கலாம். நண்பனின் கழுத்தின் ஒரு பக்கத்தில் மட்டும், அழுத்தாமல் விரல் வைக்க வேண்டும். இரு பக்கமும் ஒரு சேர அழுத்துவது ஆபத்து. கேட்டதை வைத்து நண்பனுக்கு நோய் சொல்லும் வேலை மட்டும் வேண்டாம்.

இன்று இந்நூலின் இடம்

1953இல் சுவீடனின் லுண்ட் நகரில் மருத்துவர் எட்லரும் இயற்பியலர் ஹெல்முத் ஹெர்ட்ஸும் மீயொலி அலைகளால் இதயத்தின் அசைவைப் பதிவு செய்தார்கள். இன்று எக்கோ என்று நாம் வழங்கும் சோதனையின் தொடக்கம் அது. லென்னெக்குக்குக் கிடைக்காத ஒன்றை, துடிக்கும் இதயத்தின் வால்வு எந்தக் கணத்தில் எங்கே இருக்கிறது என்பதை, அது காட்டிவிடுகிறது. அப்படியானால் காது எதற்கு என்று கேட்போர் உண்டு. அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

2007இல் வெளியான ஆய்வு ஒன்றில் கம்போடியா, மொசாம்பிக் நாடுகளின் பள்ளிக் குழந்தைகளைச் சோதித்தபோது, மருத்துவச் சோதனையில் முதலில் ஐயம் எழுந்து பின்னர் உறுதியான வாத இதய நோயைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு அதிகமான நோயை எக்கோ கண்டுபிடித்தது. காதின் எல்லை இதில் தெளிவாகிறது. மறுபுறம், 1997இல் அமெரிக்காவில் பயிற்சி மருத்துவர்கள் 453 பேருக்கும் மாணவர்கள் 88 பேருக்கும் பன்னிரண்டு இதய ஒலிப் பதிவுகளைக் கேட்கக் கொடுத்தபோது, அவர்கள் சரியாக இனங்கண்டது சராசரியாக ஐந்தில் ஒரு பங்கே. காது வலுவற்றது என்பது ஒரு புறம். காதைப் பழக்காமலே விட்டுவிட்டோம் என்பது மற்றொரு புறம். எக்கோ கருவி இல்லாத சிற்றூர்ச் சுகாதார நிலையத்தில், இந்தக் குழந்தையைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யும் மருத்துவருக்குக் கையும் காதும்தான் முதல் கருவிகள். அவற்றின் பயிற்சியைக் கைவிடுவதால் நட்டம் அடைவது அந்தக் குழந்தைதான்.

ஆகவே லென்னெக்கின் நூலை இரண்டு விதமாகப் படிக்க வேண்டும். கேட்டதை எழுதிய பக்கங்களை மாதிரியாகக் கொள்ளலாம்: எந்த இடம், எந்தத் தன்மை, நாடியோடு எந்த உறவு என்று அவர் ஒவ்வொன்றையும் பிரித்து எழுதிய முறை இன்றும் கற்கத்தக்கது. காரணம் சொன்ன இதயப் பக்கங்களை எச்சரிக்கையாகக் கொள்ளலாம். நுரையீரல் பகுதியில் அவர் ஒவ்வொரு முடிவையும் சோதனையின் முன் நிறுத்தினார். இதயப் பகுதியில் அவ்வாறு நிறுத்த அவரிடம் வழியில்லை. வழியில்லை என்பதைச் சொல்லாமல் முடிவை மட்டும் சொன்னார். நூலின் குறை இதுவே.

நம் ஆய்வுக்கூடக் குறிப்பேடுகளில் 'கண்டறிந்தவை' என்று ஒரு பத்தியும் 'அனுமானம்' என்று ஒரு பத்தியும் தனித்தனியே எழுதச் சொல்கிறோம். மாணவர்கள் பலர் இதை வீண் சடங்காக நினைத்து, நண்பனின் ஏட்டைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். அந்த இரண்டு பத்திகளுக்கும் நடுவே கிழிக்கும் கோட்டை லென்னெக் போன்ற மேதை ஓர் இடத்தில் கிழிக்க மறந்தார். அதைச் சரிசெய்யப் பிற அறிவியலாருக்கு ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. அடுத்த முறை ஏட்டைத் திறக்கும்போது இதை நினைவில் கொள்ளுங்கள்.